பெரியாஸ்பத்திரி வார்டில் கூடிய சம்பந்தம்

மங்கலம் பொங்கும் இந்த மாலையிலே, மல்லிகை மணக்கும் இந்த மணமேடையிலே, வாழ்த்தரங்கத்துக்குத் தலைமையேற்று, கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு என்னையும் அதையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருக்கும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா கோதண்டராமன் அவர்களே!

வல்லத்திலிருந்து வாத்தியம் முழங்க வந்து, எங்கள் குன்றடிப்பட்டின் குலக்கொழுந்தைக் கொண்டுபோகக் காத்திருக்கும் மாப்பிள்ளையின் தந்தையார், சம்பந்தி கலியபெருமாள் அவர்களே! பெண்ணைப் பெற்றவர், பேச்சைக் குறைத்தவர், பெருமூச்சிலேயே பதில் சொல்பவர், மருமகன் ஆதிமூலம் அவர்களே! அவர் பேசாததையும் சேர்த்துப் பேசும் என் அண்ணன் மகள், மணமகளின் தாயார் வள்ளியம்மாள் அவர்களே! ஊசி போடுகிற கையாலே உறவையும் தைத்துக் கொடுத்த டாக்டரம்மா மோனிகா அவர்களே! மணமகன் விமல்ராஜ் அவர்களே, மணமகள் அன்புக்கரசி அவர்களே! சாம்பார் வாசனை மூக்கைத் துளைக்கிறபோதும் எனக்காகச் செவியைத் திறந்து வைத்திருக்கும் செஞ்சி நகரத்துப் பெரியோர்களே! குழந்தையை ஒரு கையிலும் கைவிசிறியை ஒரு கையிலும் பிடித்து, இரண்டையும் ஆட்டிக்கொண்டிருக்கும் என் அருமைத் தாய்மார்களே! உங்கள் அனைவருக்கும் அடியேன் பச்சமுத்துவின் அன்பு நிறைந்த வணக்கம்.

முதலில் ஒரு வாய் தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.

யாரப்பா அங்கே சிரிப்பது? "பேச ஆரம்பிக்கவே இல்லியே தாத்தா, அதுக்குள்ள தொண்டை காஞ்சிடுச்சா?" என்கிறாயா? தம்பி, தொண்டை காய்ந்த பிறகு குடிப்பவன் பழைய பச்சமுத்து. காயும் முன்னே குடிப்பவன் இந்தப் புதிய பச்சமுத்து. அந்தப் பழையவன் எப்படிப் புதியவன் ஆனான், அவன் படுத்த கட்டிலுக்குப் பக்கத்துக் கட்டிலிலே இந்தக் கல்யாணம் எப்படிக் கூடியது என்பதைச் சொல்லத்தான் இந்த மேடையிலே ஏறி நிற்கிறேன்.

எழுத்து எனக்குத் தெரியாது. பத்திரிகையிலே என் பெயரை எங்கே போட்டிருக்கிறார்கள் என்று யாராவது விரல் வைத்துக் காட்டினால்தான் உண்டு. ஆனால் இந்தச் செஞ்சிக் கடைத்தெருவிலே எத்தனை மேடை போட்டார்களோ அத்தனை மேடைக்கும் முன்னாலே மணலிலே உட்கார்ந்து கேட்டவன் நான். எவர் எந்த ஊரிலே என்ன சொன்னார், சொன்னபோது துண்டு எந்தத் தோளில் கிடந்தது என்று கேளுங்கள், சொல்கிறேன். அப்படிப்பட்ட காதிலே விழுந்ததைத்தான் இப்போது உங்கள் காதிலே போடப்போகிறேன்.

அன்பிற்குரியவர்களே! அந்த ஜன்னலைத் திறந்து பாருங்கள். என்ன தெரிகிறது? ராஜகிரி தெரிகிறது. திரும்பிப் பாருங்கள். என்ன தெரிகிறது? கிருஷ்ணகிரி தெரிகிறது. பாறைக்கு நடுவிலே பிறந்தோம், பாறைக்கு நடுவிலே வளர்ந்தோம், பாறை நிழலிலே கதிரடித்தோம். அதனாலே நம் எல்லோருக்கும் ஒரு நம்பிக்கை. மழை பாறைமேல் விழுகிறது. பாறையைக் கரைத்துக்கொண்டு இறங்குகிறது. அடிவாரத்துக் கிணற்றிலே ஊறுகிறது. அதைக் குடிப்பவன் வயிற்றிலே போய் மறுபடியும் பாறையாகிவிடுகிறது! சொல்லிக்கொடுத்தது யார்? தெரியாது. சோதித்துப் பார்த்தது யார்? ஒருவருமில்லை. நம்பியது யார்? நான் நம்பினேன், நீங்கள் நம்பினீர்கள், அதோ வெற்றிலையை மென்றுகொண்டே தலையாட்டுகிறாரே, அவரும் நம்பினார்.

எங்கள் குன்றடிப்பட்டு எங்கே இருக்கிறது? மலையை ஒட்டி இருக்கிறது. எங்கள் கிணறு எங்கே இருக்கிறது? மலையின் காலடியிலே இருக்கிறது. அது போதாதா? கல்லடைப்பு என்றால் குன்றடிப்பட்டு, குன்றடிப்பட்டு என்றால் கல்லடைப்பு என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பேராகிவிட்டது.

இந்தப் பேரோடுதான், தாய்மார்களே, போன சித்திரையிலே எங்கள் அன்புக்கரசியைப் பெண் பார்க்க வல்லத்திலிருந்து வந்தார்கள். எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். காபி பிறகு, பலகாரம் பிறகு. முதலிலே ஒரு சொம்புத் தண்ணீர். பெண்ணின் தாய் நீட்ட வேண்டும், பிள்ளையின் தகப்பன் இரண்டு கையாலும் வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்துவிட்டால் அந்த வீடு பிடித்திருக்கிறது என்று பொருள். கை நீளவில்லை என்றால், வந்தவர்கள் வண்டியைத் திருப்பிக்கொள்ள வேண்டியதுதான்.

வெயிலோ வெயில். தெருவிலே நாய்கூட நடக்காத வெயில். வள்ளியம்மாள் சொம்பைத் துலக்கி, தளும்பத் தளும்ப நிரப்பி, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வந்து நீட்டினாள். நம் சம்பந்தி கலியபெருமாள் என்ன செய்தார்? சொம்பைப் பார்த்தார். மலையைப் பார்த்தார். மறுபடியும் சொம்பைப் பார்த்தார். கையை எடுத்து மடியிலே வைத்துக்கொண்டார்.

"வாணாம்மா. தப்பா நெனைக்காதீங்க. பொண்ணு தங்கமா இருக்குது. எம்பையனுக்கும் புடிச்சிருக்குது. ஆனா உங்க ஊரு தண்ணி கல்லு தண்ணி. பெரியாஸ்பத்திரில போயிப் பாருங்க, கல்லடைப்புன்னு சுருண்டு கெடக்கறவன்ல முக்காவாசிப் பேரு குன்றடிப்பட்டான்தான். இந்தத் தண்ணிய குடிச்சு வளந்த பொண்ணு. நாளைக்கு எம்பேரன் பேத்திக்கும் வந்துட்டா இன்னா பண்றது?"

ஆதிமூலம் ஒரு பெருமூச்சு விட்டார். அது அவர் பதில். உள்ளேயிருந்து எங்கள் அன்புக்கரசி பதில் சொன்னாள். அவள் தாயைப் போல.

"தாத்தா! காபியும் அதே தண்ணிலதான் போட்டுக்குது. அவங்களுக்குக் குடுத்துட்டு அப்புறம் எங்க மேல பழி போடப்போறாங்க. டம்ளரை உள்ள எடுத்துட்டு வந்துடுங்க!"

கைதட்டுகிறீர்கள்! மணமகளே, முகத்தை மூடிக்கொள்ளாதே அம்மா, சொன்னது நீதானே? அன்றைக்கு யாரும் கைதட்டவில்லை. விமல்ராஜ், "நைனா, நைனா" என்று தகப்பனின் சட்டையைப் பிடித்து இழுத்தார். தகப்பன் அசையவில்லை. வண்டி திரும்பியது. இதற்கு முன்னும் ஒரு நல்ல இடம் இதே பேச்சால் வாசலோடு போயிருந்தது. அன்று சாயங்காலம் வள்ளியம்மாள் அந்தச் சொம்புத் தண்ணீரைக் கொண்டுபோய் முருங்கை மரத்துக்கு ஊற்றியதை நான் பார்த்தேன். ஊற்றிவிட்டு, இடுப்பிலே கை வைத்துக்கொண்டு, சற்று நேரம் குனிந்தே நின்றாள். மனசு வலிக்கிறது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அந்தக் கையை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு வாய் குடித்துக்கொள்கிறேன். தலைவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். ஐயா, கடிகாரம் ஓடட்டும், நான் நடந்தே வருகிறேன்.

கொஞ்ச நாளிலே எனக்கு வந்தது. எது? அது! விலாவிலே தொடங்கி, வயிற்றிலே உருண்டு, தொடையிலே இறங்கி, மறுபடியும் விலாவுக்கே திரும்பி வரும் அந்த வலி! உட்கார்ந்தால் நிற்கச் சொல்லும், நின்றால் படுக்கச் சொல்லும், படுத்தால் எழுந்து ஓடச் சொல்லும். வேர்க்கடலைக் கொல்லையிலே செடி பிடுங்கிக்கொண்டிருந்தவன் அப்படியே வரப்பிலே உருண்டேன். கூட வேலை செய்த பெண்கள், "பெருசுக்குப் பேய் புடிச்சிடுச்சு" என்றார்கள். பேய் பிடித்திருந்தால் வேப்பிலையோடு போயிருக்கும். இது பெரியாஸ்பத்திரி வரைக்கும் கொண்டுபோய்ப் படுக்க வைத்தது.

ஊசி போட்டார்கள், வலி கொஞ்சம் அடங்கியது. கண்ணைத் திறந்து பார்க்கிறேன். இந்தப் பக்கம் கடைத்தெருப் பரோட்டா மாஸ்டர். எதிர்க் கட்டிலிலே மண்டகப்பட்டுப் பக்கத்துச் செங்கல் சூளைக்காரர். வாசலோரம் ஒரு பஸ் கண்டக்டர். மற்ற கட்டில்களிலே எங்கள் ஊர் முகங்கள். எல்லோருக்கும் ஒரே நோய், எல்லோருக்கும் ஒரே முனகல். ஒருவர் "அம்மா" என்றால் அடுத்தவர் "அப்பா" என்று எடுத்துக் கொடுப்பார். பஜனை போல இருந்தது!

அப்போது வெளியே ஒரு சத்தம். "ஐயோ, செத்தேன்டா விமலு! மிஷின நிறுத்திட்டியாடா?" அறுவடை மிஷின் மேலேயே சுருண்டு விழுந்த ஒருவரை ஸ்டிரெச்சரில் தள்ளிக்கொண்டு வந்தார்கள். எந்தக் கட்டில் காலியாக இருந்தது? என் பக்கத்துக் கட்டில். வந்தவர் யார்? சொல்லவும் வேண்டுமா!

அவர் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். வலியிலும் எனக்குச் சிரிப்பு வந்தது.

"வாங்க சம்பந்தி" என்றேன்.

"சம்பந்தி இல்ல" என்றார், பல்லைக் கடித்துக்கொண்டு.

"செரி, வாங்க கல்லடைப்பு" என்றேன்.

சிரிக்கிறீர்கள். சம்பந்தியும் சிரிக்கிறார், பாருங்கள். அன்றைக்குச் சிரித்தால் விலா வலிக்கும் என்று சிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

மறுநாள் காலையிலே டாக்டரம்மா மோனிகா வந்தார்கள். வந்தவர்கள் மருந்தை மட்டும் எழுதிவிட்டுப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கல்லடைப்பென்று வருகிற பெரியவர்கள் ஒவ்வொருவரையும், கட்டில் கட்டிலாக, உட்கார்ந்து கேட்டார்கள். எல்லோரிடமும் அதே கேள்விகள். எந்த ஊர்? என்ன வேலை? வெயிலிலா, அடுப்படியிலா? எந்தத் தண்ணீர் குடிக்கிறீர்கள்? எவ்வளவு குடிக்கிறீர்கள்? முன்னே வந்திருக்கிறதா? அப்பாவுக்கு, அண்ணன் தம்பிக்கு உண்டா? எந்த மாசத்திலே வலி வந்தது? சிறுநீர் என்ன நிறம்?

பரோட்டா மாஸ்டரைக் கேட்டபோது, "நல்லா எறக்கின டிகாஷன் மாதிரி இருக்கும்மா" என்றார். "எப்பலேர்ந்து?" என்றார்கள். "கல்லுக்கு முன்னால நிக்க ஆரம்பிச்சதுலேர்ந்து" என்றார். தோசைக்கல்லைச் சொன்னார்! "தண்ணி குடிக்கறதில்லையா?" "கூட்டம் இருக்குது, எங்கம்மா நேரம்?" செங்கல் சூளைக்காரரைக் கேட்டார்கள். "தண்ணி குடிச்சா வேர்க்கும்மா, அதான் குடிக்கறதில்ல" என்றார். குடிக்காவிட்டால் வேர்க்காதாம்! கண்டக்டரைக் கேட்டார்கள். "குடிச்சா எறங்கணும், எறங்குனா டைம் போயிடும்" என்றார்.

என்னையும் கேட்டார்கள். எங்கள் கொல்லை வழக்கத்தைச் சொன்னேன். கடலை பிடுங்கும்போது ஆளுக்கொரு வரிசை. தண்ணீர்க் குடம் கொல்லையின் அந்தக் கோடியிலே, மர நிழலிலே இருக்கும். வரிசையை முடித்தவர்தான் குடத்தைத் தொடலாம். நடுவிலே எழுந்துபோய்க் குடித்தால், "பாரு, கொடம் கூப்புடுது போல, ஓடுறாரு மாப்ள" என்று மொத்தக் கொல்லையும் கேலி செய்யும். அந்தக் கேலிக்குப் பயந்து நாக்கு மேலண்ணத்திலே ஒட்டிக்கொள்கிறவரைக்கும் பிடுங்கியிருக்கிறோம். அதை வீரம் என்று நினைத்தோம். நினைத்தோமா இல்லையா? உண்மையைச் சொல்லுங்கள்!

கடைசியிலே டாக்டரம்மா சம்பந்தியின் கட்டிலுக்கு வந்தார்கள். கேள்விக்கே காத்திருக்கவில்லை அவர்.

"எழுதிக்கங்கம்மா. எனக்கு வந்தது குன்றடிப்பட்டு கெணத்துத் தண்ணியால. பொண்ணு பாக்கப் போனேன் அந்த ஊருக்கு."

"அப்படியா? எவ்வளவு குடிச்சீங்க?"

"குடிக்கறதா? நான் ஏன் குடிக்கறேன்? ஒரு முழுங்கு கூட குடிக்கலம்மா!"

வார்டு முழுக்கச் சிரித்தது. வலித்தவர்களும் சிரித்தார்கள், விலாவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு சொன்னார்கள்: "ஐயா, ஸ்கேன்ல உங்க கல்லு எவ்ளோ பெருசு தெரியுமா? இது போன வாரம் வந்தது இல்ல, வருஷக் கணக்கா வளந்தது. மிஷின் மேல உக்காந்தா எப்போ எறங்குவீங்க?"

"வயலு முடிஞ்சாத்தான்."

"தண்ணி?"

"அதுவும் வயலு முடிஞ்சாத்தான். நடுவுல எறங்கினா மிஷினு நிக்கும்."

"அப்போ கல்லு எங்க வெளஞ்சிருக்கு?"

நான் விடுவேனா? "வல்லத்துலதாம்மா! நல்ல வெளச்சல்!" என்றேன்.

ஆனால் சம்பந்தியும் லேசுப்பட்டவர் இல்லை. எழுந்து உட்கார்ந்தார். கையை வீசிக் காட்டினார். "அப்ப இது இன்னாம்மா? இந்த வார்டுல பாருங்க, முக்காவாசி குன்றடிப்பட்டு ஆளுங்கதான. கண்ணால பாக்கறோம்ல. அதுக்கு இன்னா சொல்றீங்க?"

பெரியோர்களே! அவர் சொன்னது கண்முன்னே இருந்தது. முகம் முகமாக எண்ணிப் பார்த்தேன், எல்லாம் எங்கள் முகம். எங்கள் தலையெழுத்து அவ்வளவுதான் என்று நினைத்தேன். டாக்டரம்மா நிதானமாகக் கேட்டார்கள்.

"குன்றடிப்பட்டு ஆளுங்க இங்க எப்படி வந்தாங்க?"

"நடந்து வந்தாங்க. கூப்புடு தூரந்தான" என்றேன் நான்.

"வல்லத்துல ஒருத்தருக்கு வலி வந்தா?"

சம்பந்தி யோசித்தார். "பாதிப் பேரு திண்டிவனம் பஸ்ஸப் புடிப்பாங்க. வசதி இருக்கறவன் பாண்டிச்சேரி போவான். இல்லாதவன் வாழத்தண்டு சாறு குடிச்சிட்டு வீட்டுலயே உருளுவான்."

"அவங்கல்லாம் இந்த வார்டுல எந்தக் கட்டில்ல இருக்காங்க?"

சம்பந்தி கட்டில் கட்டிலாகக் கண்ணை ஓட்டினார். அவரைத் தவிர ஒரு வல்லத்து முகம் இல்லை.

நண்பர்களே, எவ்வளவு எளிய கேள்வி! எவ்வளவு பெரிய கேள்வி! ஆஸ்பத்திரிக்கு வந்தவரை எண்ணினால் வந்தவர் கணக்குத் தெரியும். வராதவர் கணக்கு யாருக்குத் தெரியும்? நடந்து வருகிற ஊர்க்காரன் வார்டை நிரப்பினான். பஸ் ஏறிப் போகிற ஊர்க்காரன் வேறெங்கோ நிரப்பினான். போகவே முடியாதவன் தன் வீட்டுப் பாயை நிரப்பினான். நாமோ வார்டை எட்டிப் பார்த்துவிட்டு ஊருக்கே பட்டம் கட்டினோம்! ஆஸ்பத்திரி பக்கத்திலே இருப்பது எங்கள் ஊர் செய்த குற்றமா? வலித்தால் உடனே வருவது எங்கள் ஊர் செய்த பாவமா?

டாக்டரம்மா இன்னும் சொன்னார்கள். தண்ணீர் உப்பாக இருக்கிறதா என்று சோதித்துக்கொள்வது நல்லதுதான், ஆனால் பாறை கரைந்து வயிற்றிலே கல்லாகிறது என்பது வெறும் பேச்சு. வெயில் ஏறும் மாசத்திலே வலி ஏறுகிறது. ஒரு முறை வந்தவருக்கு மறுமுறை வரவும் கூடும், குடும்பத்திலே இருந்தால் இன்னும் கவனம் வேண்டும். இந்த வார்டில் ஊருக்கு ஊர் தண்ணீர் வேறே, தொழிலுக்குத் தொழில் இடம் வேறே, ஒன்றே ஒன்றுதான் எல்லோருக்கும் பொது: வேர்வையைக் கொட்டினார்கள், தண்ணீரைக் குடிக்கவில்லை. டாக்டரம்மா தலையாட்டுகிறார்கள், ஆகவே சரியாகத்தான் சொல்கிறேன்.

"ஆம்பளைங்களுக்குத்தான் இது அதிகம். ஆனா பொம்பளைங்க வார்டுல இவ்ளோ கம்மியா இருக்கறத நான் முழுசா நம்ப மாட்டேன்" என்றார்கள். "ஏம்மா?" என்றேன். "அவங்க வர்றதில்ல தாத்தா" என்றார்கள்.

அந்தச் சமயத்திலே வாசலிலே வந்து நின்றாள் வள்ளியம்மாள்.

எனக்குக் கஞ்சியும், எங்கள் கிணற்றுத் தண்ணீர் ஒரு சொம்பும் கொண்டு வந்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யார் என்று பார்த்தாள். முகம் மாறியது. ஆனாலும் மரியாதை மாறவில்லை. "ஒடம்பு எப்படிங்க இருக்குது?" என்று கேட்டாள். கேட்டுக்கொண்டே சொம்பைக் கீழே வைக்கக் குனிந்தவள் பாதியிலே நின்றுவிட்டாள். கை இடுப்புக்குப் போனது. உதட்டைக் கடித்தாள். முருங்கை மரத்தடியிலே நான் பார்த்த அதே கை. மனசு வலி என்று நான் நினைத்த அதே கை.

"இன்னாம்மா?" என்றேன்.

"ஒண்ணுமில்ல சித்தப்பா. சூடு."

அதைக் கேட்டு நான் சும்மா இருந்துவிட்டேன். சும்மா இராதவர் யார் தெரியுமா? கலியபெருமாள்! கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றார்.

"டாக்டரம்மா! அந்தம்மாவ பாருங்க. அது சூடு இல்ல. அந்தக் கை எங்க போச்சு பாத்தீங்களா? நேத்திக்கு என் கை அங்கதான் போச்சு. அது நம்ம வலிதாம்மா. எனக்குத் தெரியாதா?"

வள்ளியம்மாள் இல்லை இல்லை என்றாள். டாக்டரம்மா தோளிலே கை வைத்து, "எத்தன நாளா?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள். அவ்வளவுதான். பெருமழைக்கு ஏரிக்கரை உடைந்தது போல உடைந்து போனாள்.

"பொங்கலுக்கு முன்னாலேர்ந்து இருக்குதும்மா. எப்படி வருவேன்? ஏற்கெனவே எங்க ஊருக்குப் பேரு கெட்டுக் கெடக்குது. பொண்ணோட அம்மாவுக்கே கல்லுன்னு தெரிஞ்சா எம்பொண்ண எவன் கட்டுவான்? கல்யாணம் முடியட்டும், அப்புறம் பாத்துக்கலாம்னு இருந்தேன். கொல்லையில தண்ணி குடிச்சா ஒதுங்கறதுக்கு எடம் ஏது? ஆம்பளைங்க நடமாட்டம். அதனால காலைல ஒரு வாய் குடிச்சா, வெளக்கு வெக்கறப்பதான் அடுத்த வாய்."

தாய்மார்களே! பரோட்டா மாஸ்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். கண்டக்டர் கூரையைப் பார்த்தார். வலியைவிடப் பெரிய பயம் ஒன்றை இடுப்பிலே செருகிக்கொண்டு ஒரு தாய் நடந்திருக்கிறாள். எதற்காக? நாம் கட்டிவிட்ட ஒரு பட்டத்துக்காக! நாம் கூட்டாத ஒரு கணக்குக்காக!

சம்பந்தி கட்டிலிலே உட்கார்ந்தார். தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தார். பிறகு தலையைத் தூக்கி என்ன கேட்டார் தெரியுமா?

"அந்தச் சொம்புல இருக்கறது எந்தத் தண்ணிம்மா?"

"எங்க கெணத்துத் தண்ணிதாங்க" என்றாள், குற்றம் செய்தவளைப் போல.

"எனக்குக் கொஞ்சம் குடும்மா."

சொன்னார். சொல்லிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். ஒரு கை இல்லை, ஐயா, இரண்டு கை! இரண்டு கை என்றால் என்ன பொருள் என்று இந்தச் செஞ்சிச் சீமையிலே பச்சைக் குழந்தைக்கும் தெரியும். வள்ளியம்மாள் சொம்பை நீட்டினாள். அவர் வாங்கினார். அண்ணாந்து குடித்தார். கடகடவென்று குடித்தார். மடியிலே வழிய வழியக் குடித்தார். குடித்து முடித்துவிட்டு மகனைப் பார்த்து, "டேய் விமலு, இன்னாடா மரமாட்டம் நிக்கற? போன எடுத்து உங்கம்மாவுக்குச் சொல்லு, பொண்ணு முடிவாயிடுச்சுன்னு" என்றார். விமல்ராஜ் போனை எடுத்தார். ஆனால் அம்மாவுக்கா முதலில் சொன்னார்? அதை மணமகளிடம் கேட்டுக்கொள்ளுங்கள்!

அந்த வார்டிலே எழுந்த கைதட்டல் இருக்கிறதே! நர்ஸம்மா ஓடிவந்து, "இன்னா ஆஸ்பத்திரியா, சினிமா கொட்டாயா இது?" என்று அதட்டினார். "நிச்சயதார்த்தம்மா!" என்றார் பரோட்டா மாஸ்டர். அதோ மூன்றாம் வரிசையிலே உட்கார்ந்திருக்கிறார். எழுந்து நில்லப்பா! இன்று பந்தியிலே பரோட்டா அவர் கைவண்ணம். அடுப்புக்குப் பக்கத்திலே பெரிய தண்ணீர் ஜாடி ஒன்று வைத்திருக்கிறார், நானே பார்த்துவிட்டு வந்தேன்.

பெரியோர்களே, முடிக்கிறேன். தலைவர் கடிகாரத்தைக் கையிலே எடுத்துவிட்டார். வள்ளியம்மாளுக்கும் வைத்தியம் நடந்தது, எனக்கும் நடந்தது, சம்பந்திக்கும் நடந்தது. மூன்று பேரும் உங்கள் முன்னே முழுசாக இருக்கிறோம். அத்தோடு விட்டோமா? எங்கள் குன்றடிப்பட்டுக் கொல்லையிலே தண்ணீர்க் குடம் இப்போது எங்கே இருக்கிறது? கோடியிலே இல்லை. கொல்லையின் நட்ட நடுவிலே இருக்கிறது! வரிசையிலே முன்னே போகிறவரும் குடிக்கலாம், பின்னே வருகிறவரும் குடிக்கலாம். குடிக்காமல் தாண்டிப் போகிறவரைத்தான் இப்போது கேலி செய்கிறோம். பேசாத நம் ஆதிமூலம், பேசாமலே, கொல்லை மேட்டிலே பெண்களுக்கென்று தாழ்ப்பாள் போட்ட கக்கூஸ் ஒன்று கட்டிவிட்டார். சம்பந்தியின் அறுவடை மிஷினிலே தண்ணீர்க் கேனுக்கென்று ஓர் இரும்புக் கூடு பற்ற வைத்திருக்கிறார்கள். மிஷின் நிற்கிறதாம், தண்ணீர் குடிக்கிறாராம், மறுபடியும் ஓடுகிறதாம். உலகம் ஒன்றும் முடிந்துவிடவில்லையாம்!

ஆகவே கேட்கிறேன். தாகம் என்ன தப்பா? தண்ணீர் கேட்பது என்ன தலைகுனிவா? கடைத்தெருவிலே துணிக்கடை வைத்திருக்கும் முதலாளிமார்களே, காலையிலிருந்து நிற்கிற பெண்பிள்ளைகள் ஒதுங்க ஓர் இடம் கொடுங்கள். தண்ணீர் அவர்களே குடித்துக்கொள்வார்கள். வலி வந்தவரே, வாழைத்தண்டோடு வீட்டிலே உருளாதீர், டாக்டரைப் பாரும். வேறு நோய் உள்ளவர்கள், எவ்வளவு தண்ணீர் குடிக்கலாம் என்பதையும் டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வராதவர் வர வேண்டும். வந்தால்தான் கணக்குச் சரியாகும். கணக்குச் சரியானால்தான் ஊர்ப்பழி தீரும். ஒரு வார்டை எட்டிப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணின் வாழ்க்கைக்கு விலங்கு மாட்டும் வேலை இந்த மண்ணிலே இனி வேண்டாம், வேண்டாம், வேண்டவே வேண்டாம்!

கடைசியாக ஒன்று. விடியற்காலையிலிருந்து நான் ஒன்றைக் கவனித்துக்கொண்டே இருக்கிறேன். முகூர்த்தம் பார்த்தாள், பந்தி பார்த்தாள், வந்தவரை வாங்க என்றாள், போனவருக்குத் தாம்பூலம் கொடுத்தாள். அத்தனை பேருக்கும் தண்ணீர் ஊற்றச் சொன்ன இந்தப் பெண்ணின் தாய், தான் ஒரு வாய் குடித்து நான் பார்க்கவில்லை! தலையைக் குனியாதே வள்ளியம்மா. ஞாபகம் எனக்கு, மறதி உனக்கு.

சம்பந்தி! எழுந்திருங்கள். இந்த மேசைமேல் நான் இவ்வளவு நேரமாகக் குடித்துக்கொண்டிருப்பது எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான். புதுச் சொம்பு அதோ இருக்கிறது. நிரப்புங்கள். வழக்கம் என்றால் பெண்ணின் தாய் நீட்டுவாள், பிள்ளையின் தகப்பன் வாங்குவான். இன்றைக்கு அந்த வழக்கத்தைத் திருப்பிப் போடுவோம். நீங்கள் நீட்டுங்கள், அவள் வாங்கட்டும்.

கேட்டீர்களா அவர் சொல்வதை? மைக்கை அங்கே கொண்டு போப்பா. "குடிங்க சம்பந்தியம்மா, நீங்க குடிச்சாத்தான் நான் சாப்டப் போவேன்" என்கிறார்!

நீட்டிவிட்டார். இரண்டு கையாலும் நீட்டிவிட்டார். வாங்கு வள்ளியம்மா. அப்படித்தான். அண்ணாந்து குடி. அவசரமில்லை. முழுசாகக் குடி. நாங்கள் காத்திருக்கிறோம்.

குடித்துவிட்டாள்!

இடம் தந்த தலைவருக்கும், இதயம் தந்த சபைக்கும், இந்த இரண்டு வீட்டையும் ஒரே சொம்பிலே சேர்த்த டாக்டரம்மாவுக்கும் நன்றி. மணமக்கள் ஊறும் கிணறு போல் வற்றாமல் வாழட்டும். எல்லோரும் எழுந்து, ஆளுக்கொரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டுப் பந்திக்குப் போங்கள். வணக்கம், வணக்கம், உங்கள் எல்லோருக்கும் என் ஈரமான வணக்கம்!